பொய்கையில் யோகன்னான்: சிலுவையின் பொருளை வினவிய அடிமை மகன்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை லோயர்கேம்பைக் கடந்து மலையேறிக் குமுளியை அடைகிறது. அதன்பின் வண்டிப்பெரியாறு, பீர்மேடு, முண்டக்கயம், கோட்டயம், சங்கனாச்சேரி, திருவல்லா என இறங்கிக் கொல்லத்தில் முடிகிறது. நம் தாய்மாரும் தமக்கையரும் விடியுமுன் சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போவது இந்த மலைகளுக்குத்தான். மாலையில் அவர்கள் திரும்பிவிடுவர். சாலையோ மேலும் நெடுந்தூரம் போகிறது. அதன் மறுபக்கத்தில், திருவல்லாவிற்கு அருகிலுள்ள இரவிபேரூர் என்னும் ஊரில், அடிமைக் குடியில் பிறந்து, கிறித்தவத்தைக் கற்று, போதித்து, பின்னர் அதனையே வினவி வெளியேறிய ஒரு பெருமகனார் வாழ்ந்தார். பொய்கையில் யோகன்னான் என்பது அவர் பெயர். பொய்கையில் அப்பச்சன் என்றும், ஸ்ரீ குமாரகுருதேவன் என்றும் அவரைப் போற்றுவர். கேரள நாட்டில் அவரை அறியாதார் குறைவு. மலைக்கு இப்புறம் வாழும் நம்மவருள் அவரை அறிந்தார் மிகச் சிலரே.

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை தருக என நிருவாகக் குழுவினர் கேட்டபோது, அண்ணல் அம்பேத்கரைப் பற்றி எழுதுவேன் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். அண்ணலைப் பற்றி எழுத இம்மலரில் என்னிலும் தக்கார் உளர். நான் யோகன்னானைத் தேர்ந்தமைக்கு என் குடும்பமே காரணம். என் தந்தை வழியினர் ஊர்த் தெய்வத்தை வணங்குவோர். தாய்வழிப் பாட்டனார் கிறித்தவர். பெரிய வெள்ளிதோறும் பாட்டனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு ஆலயத்திற்குச் செல்வேன். மூன்று மணி நேரம் பிரசங்கம் நடைபெறும். எல்லார் பாவத்திற்காகவும் ஒருவர் இரத்தம் சிந்தினார் என்று போதகர் உருக்கமாகக் கூறுவார். பாட்டனார் கண்ணீர் வடிப்பார். எனக்குப் பத்து வயதானபோது பாட்டனார் காலமானார். அவரை அடக்கம் செய்த இடம் கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலை, இடையில் முள்வேலி. வேலிக்கு அப்பால் பளிங்குக் கல்லறைகள் இருந்தன. ஒருவரே எல்லாருக்காகவும் மரித்தார் என்றால் வேலி எதற்கு என்று என் தாயாரைக் கேட்டேன். அவர் என் வாயைப் பொத்தினார். ஊர்ப் பெயரைச் சொல்லி இன்று எவரையும் புண்படுத்த விரும்பவில்லை. அந்த வேலியும் இப்போது இல்லை.

பல்லாண்டுகளுக்குப் பின், கூடலூரை அடுத்த பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்தபோது, மாணவன் ஒருவனின் தந்தை தம் மகனைச் சேர்க்க வந்தார். பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எந்தச் சமயம் என்று படிவத்தை நிரப்புவதற்காகக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, தாம் அப்பச்சனின் சபையைச் சேர்ந்தவர் என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லை. அன்று மாலை தேநீர்க் கடையில் அமர்ந்து அவர் கூறிய வரலாறே, பின்னர் நான் நூல்களைத் தேடிப் படிப்பதற்குத் தூண்டுகோலாயிற்று.

யோகன்னான் 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கண்டன், தாயார் லேச்சி. பெற்றோர் இட்ட பெயர் குமாரன். பறையர் குலத்தினரான அக்குடும்பம் இரவிபேரூரில் சிரியன் கிறித்தவ நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் கீழ் அடிமைத் தொழில் புரிந்து வந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும், சட்டம் வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்து பிறந்த குழந்தையின் வாழ்வில் அச்சட்டம் பெரிய மாற்றம் எதனையும் செய்துவிடவில்லை.

அடிமை என்று எழுதும்போது இளைஞர் சிலர் இதனை மிகைச்சொல்லாக எண்ணக்கூடும். மிகையன்று. திருவிதாங்கூரில் புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர், குத்தகைக்கு விடப்பட்டனர். கணவன் ஓர் உடைமையாளனுக்கும் மனைவி வேறோர் உடைமையாளனுக்கும் போய்ச் சேர்வதுண்டு. பிள்ளைகள் இருவருக்கும் இல்லாமல் அநாதைகளாய் நிற்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த மிஷனரிமார் இவற்றையெல்லாம் கண்டு எழுதி வைத்துள்ளனர். இந்தப் பிரிவும் இந்த அநாதைப் பிள்ளைகளும் யோகன்னானின் போதனையில் பின்னர் முதலிடம் பெறவிருப்பதால், வாசகர் இதனை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

இத்தகைய மக்களிடையே சுவிசேஷம் வந்தது. இரவிபேரூருக்குச் சில கல் தொலைவிலுள்ள மல்லப்பள்ளியில், 1854ஆம் ஆண்டு, ஜார்ஜ் மாத்தன் என்னும் குருவானவர் அடிமை ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவருக்கு இட்ட பெயர் ஆபேல். விவிலியத்தில் ஆபேல் என்பான் உடன்பிறந்தானாலேயே கொல்லப்பட்டவன். பெயரைத் தேர்ந்தவர் இதனை எண்ணினாரோ இல்லையோ, அப்பெயர் அம்மக்களின் நிலைக்குப் பொருந்திவிட்டது. அடிமைகளுக்கு முதன்முதலாக எழுத்தைக் காட்டியவர்கள் மிஷனரிமாரே என்பதையும் இங்கே மறைக்காமல் கூற வேண்டும். அவர்கள் நடத்திய அடிமைப் பள்ளிகள் இல்லையேல் பின்னால் வந்த எழுச்சிகள் பலவும் இல்லை.

குமாரன் யோகன்னானாகி மார்த்தோமா சபையில் சேர்ந்தார். சிறு வயதிலேயே எழுத்தறிவு பெற்றார். கையில் கிடைத்த நூல் விவிலியம். அதனை அவர் படித்த விதம் வியக்கத்தக்கது. சொல்லச் சொல்லக் கேட்டு ஆமென் கூறும் படிப்பன்று அது. இச்சொல் யாரிடம் சொல்லப்பட்டது, எந்நாட்டில், எம்மக்களுக்கு என்று ஆராயும் படிப்பு. அவர் பதினாறு வயதினராயிருந்த 1895இல் அருகிலுள்ள மாராமணில், பம்பையாற்று மணலில், மாபெரும் சுவிசேஷக் கூட்டம் தொடங்கிற்று. அது ஆண்டுதோறும் இன்றும் நடைபெறுகிறது. எழுப்புதல் பிரசங்கங்கள் நாடெங்கும் முழங்கிய காலம் அது. இயேசுவின் இரத்தம், சிலுவை, பாவமன்னிப்பு என்பவையே எங்கும் பேச்சு. யோகன்னானும் போதகரானார். அவருடைய குரலும் பாட்டும் மக்களைக் கவர்ந்தன.

இவ்விடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, சிலுவை மரணத்தின் பொருளைப் பற்றிக் கிறித்தவர்களே எவ்வாறு வேறுபட்டு எண்ணினர் என்பதைச் சொல்ல வேண்டியுள்ளது. அதனை அறியாவிடில் யோகன்னான் எழுப்பிய வினாவின் கூர்மை விளங்காது.

தொடக்கக் காலத் திருச்சபை அறிஞர் பலர் அம்மரணத்தை மீட்புப் பொருளாகக் கருதினர். மீட்பு என்னும் சொல் நம் வீடுகளில் எங்கு வழங்குகிறது? அடகுக் கடையில்தான். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அடகு வைத்த தோட்டை, கூலிப்பணம் சேர்ந்த பிறகு அசலும் வட்டியும் கட்டி மீட்கிறோம். பழைய உரோமப் பேரரசில் அடிமையையும் அவ்வாறே விலை கொடுத்து விடுவித்தனர். மனித இனம் சாத்தானிடம் அடிமைப்பட்டிருந்தது, அதற்கு ஈடாக இயேசுவின் உயிர் கொடுக்கப்பட்டது என்று மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகன் போன்றோர் விளக்கினர். ஆகவே, உலகெங்கும் சிலுவைக்குச் சொல்லப்பட்ட மிகப் பழைய பொருள்களுள் ஒன்று அடிமைச் சந்தையிலிருந்து எடுத்த உவமை.

பின்னர் 1098ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தில் பேராயராயிருந்த அன்செல்ம் வேறொரு விளக்கம் தந்தார். பாவம் இறைவனுடைய மகிமைக்கு இழைத்த குறைவு. அதனை ஈடு செய்யும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. மனிதனாய் வந்த இறைவனே அதனை ஈடு செய்தான் என்பது அவர் கருத்து. அது நிலப்பிரபுக்களின் காலம். போடிநாயக்கனூர், கண்டமனூர் ஜமீன்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்விளக்கம் எளிதில் புரியும். ஜமீன்தாரின் மரியாதைக்கு ஒரு குறைவு நேர்ந்தால் ஈடு கட்டாமல் தீராதன்றோ! அன்செல்முக்குச் சற்றுப் பின் வந்த அபெலார்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனை ஏற்கவில்லை. இறைவன் விலையும் கேட்கவில்லை, ஈடும் கேட்கவில்லை. சிலுவையில் வெளிப்பட்ட அன்பைக் கண்டு மனித உள்ளம் மாறுவதே மீட்பு என்றார். பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதிகளோ, நமக்கு வரவேண்டிய தண்டனையை நமக்குப் பதிலாக அவர் ஏற்றார் என்பதை வலியுறுத்தினர். திருவிதாங்கூரின் எழுப்புதல் கூட்டங்களில் பெரிதும் முழங்கியது இக்கடைசிக் கருத்தே. நம் கம்பம், உத்தமபாளையத்து இசுலாமிய உறவினரோ ஈசா நபியைப் போற்றியபோதும், அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்றே நம்புகின்றனர்.

இத்தனை விளக்கங்களிலும் ஒன்று பொது. பிணையில் இருந்தவன் விடுதலை பெறுகிறான் என எல்லாரும் கூறுகின்றனர். தோட்டை மீட்டால் தோடு வீட்டிற்கு வர வேண்டும். விலை முழுதும் செலுத்தியாகிவிட்டது என்று கடைக்காரனே கூறிவிட்டு, தோட்டையும் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டால் அதனை மீட்பு என்பது எப்படி? யோகன்னான் கண்டது இந்நிலையைத்தான். அடிமைச் சந்தையில் பிறந்த உவமை, அடிமைகள் உண்மையாகவே வாழ்ந்த நாட்டிற்கு வந்தபோது, ஆன்மாவை மட்டுமே பேசிற்று. உடல் பழைய உடைமையாளனின் வயலிலேயே நின்றது. அந்த உடைமையாளனும் அதே சிலுவையை வணங்குவோன்.

அவர் சார்ந்த சபையினின்று அவர் வெளியேறக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். ஒடுக்கப்பட்ட கிறித்தவர் ஒருவரின் உடல் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டதாம். உயர்ந்தோர் எனப்பட்டோர் அதனைப் பொறாது, அவ்வுடலைத் தோண்டியெடுத்து அப்புறப்படுத்தச் செய்தனராம். இதனைப் படித்தபோது என் பாட்டனாரின் வேலி நினைவுக்கு வந்தது. யோகன்னான் வாய் பொத்தி நிற்கவில்லை. வெளியேறினார். சாதி பாராது என்று எண்ணி பிரதரன் சபையிற் சேர்ந்தார். அங்கும் பிரசங்க மேடையில் அவர் சகோதரர். திருமண உறவிலும் பந்தியிலும் அவர் பறையர். அங்கிருந்தும் வெளியேறினார்.

அடுத்து நடந்ததுதான் அவர் வாழ்வில் பெரும் சர்ச்சைக்குரியது. 1906ஆம் ஆண்டளவில், கோட்டயத்திற்கும் சங்கனாச்சேரிக்கும் அண்மையிலுள்ள வாகத்தானத்தில் கூடிய கூட்டத்தில், அவர் விவிலியத்தைத் தீயிலிட்டார் என்பது வரலாறு. ஏன் அவ்வாறு செய்தார்? விவிலியத்தில் உரோமருக்கு நிருபம் உண்டு, கொரிந்தியருக்கு உண்டு, கலாத்தியருக்கும் எபேசியருக்கும் உண்டு. திருவிதாங்கூர்ப் புலையருக்கு எழுதிய நிருபம் ஒன்று உண்டோ என்று அவர் கேட்டார். இதனை எள்ளல் என ஒதுக்குவோர் உளர். நான் முப்பதாண்டு பாடம் நடத்தியவன். மாணவன் கேட்கும் கேள்வி குறும்பா, உண்மையான ஐயமா என்று எனக்கு ஓரளவு தெரியும். இது பாடநூலை ஊன்றிப் படித்த மாணவனின் ஐயம். அந்நூல் ஓர் இனத்தாரின் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் கூறுகிறது. எகிப்திலிருந்து அவர்கள் மீண்டதைக் கூறுகிறது. அவர்களிடையே தோன்றிய ஒருவரின் மரணத்தைக் கூறுகிறது. அவ்வினத்தாருக்கு அது மெய்யான வரலாறு. எம் முன்னோர் நுகத்தடியில் மாடுகளோடு பிணைக்கப்பட்ட வரலாற்றை எந்த நூல் கூறுகிறது? எமக்காக வந்தவர் யார்? இதுவே அவர் வினவியதன் சாரம். தம் குலத்தின் கதை எவ்வெழுத்திலும் இல்லாமையை நினைந்து அவர் இயற்றிய பாடல் கேரளத்தில் இன்று மிகவும் புகழ் பெற்றது.

நூலை எரித்ததை நான் ஏற்கிறேனா என இளைஞர் கேட்கலாம். நூலை எரிப்பது ஆசிரியனாகிய எனக்கு உவப்பன்று. அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மகாத்தில் மனுநூலை எரித்தபோது, நம்மை இழிவு செய்யும் விதிகளை உடைய நூலை எரித்தார். யோகன்னான் எரித்ததோ, தாம் நேசித்துக் கற்ற நூல். தமக்கு எழுத்தைத் தந்த நூல். அந்தத் தீயில் சினத்தைக் காட்டிலும் துயரமே மிகுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கிறித்தவ உறவினர் இதனால் மனம் வருந்துவர் என்பதையும் அறிவேன். என் பாட்டனார் இருந்திருந்தால் அவரும் வருந்தியிருப்பார்.

1909, 1910ஆம் ஆண்டுகளை ஒட்டி யோகன்னான் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினார். அதன் பெயர் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபை. பெயரே அவர் போதனையைச் சொல்லிவிடுகிறது. பிரத்தியட்சம் எனின் கண்முன் காண்பது. மரித்த பின் கிடைக்கும் மோட்சமன்று. கண்ணால் காணத்தக்க, கையால் தொடத்தக்க மீட்பு. அதாவது, வயிற்றுக்கு உணவு, தலைக்குக் கூரை, பிள்ளைக்குப் பள்ளி, மனிதனாய் நடத்தப்படும் மதிப்பு. முன்னொரு காலத்தில் வேறொரு மக்களுக்காக நிகழ்ந்த மரணத்தால் அடிமைகளின் கணக்கு தீரவில்லை. இறைவன் அடிமைகளின் வழித்தோன்றல்களிடையே அவர்களுக்காகவே வெளிப்படுவான் என்று அவர் போதித்தார். அவ்வாறு வெளிப்பட்டவர் அவரே என்று சபையினர் நம்பினர், இன்றும் நம்புகின்றனர். இந்நம்பிக்கையை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அதன் வேர் எங்குள்ளது என்பதையே அறிய வேண்டும்.

அவ்வேரைக் காண வேண்டுமாயின் ரட்சா நிர்ணயம் என்னும் கூட்டத்தைப் பற்றி அறிதல் வேண்டும். சபையினர் பல நாட்கள் ஒன்றுகூடி அமர்வர். யோகன்னான் அடிமைக் காலத்தின் கதையைக் கூறுவார். தந்தையை ஒருவன் வாங்கிக்கொண்டு போகிறான். தாயை மற்றொருவன் கொண்டு போகிறான். காட்டோரத்தில் பிள்ளைகள் தனித்து நிற்கின்றனர். பசியால் இளையது அழுகிறது, மூத்தது தேற்றுகிறது. கேட்போர் கதறி அழுவர். அக்கதை அவர்களுடைய பாட்டன் பாட்டியின் கதை. கிறித்தவ ஆலயத்தில் பெரிய வெள்ளியன்று ஒருவரின் பாடுகளை நினைந்து அழுகின்றனர். இங்கே ஓர் இனம் முழுவதன் பாடுகளையும் நினைந்து அழுதனர். சிலுவை இருந்த இடத்தில் அவர் அந்த அநாதைப் பிள்ளைகளை நிறுத்தினார் என்று கூறினால் தவறாகாது. எந்த மரணம், எவர் துன்பம் நம்மை ஒன்றாக்குகிறது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை அது.

ஒன்றாக்குதல் என்பதை அவர் சொல்லளவில் விடவில்லை. புலையர், பறையர், குறவர் எனத் தம்முள்ளே உயர்வு தாழ்வு பாராட்டிய மக்களை ஒரே பந்தியில் அமர்த்தினார். அடிமையாய் விற்கப்பட்டபோது சந்தையில் உட்சாதி பார்த்தா விலை பேசினர் என்பது அவர் வாதம். இதனை எழுதும்போது நம் பள்ளத்தாக்கையும் எண்ணிப் பார்க்கிறேன். நம் ஊர்களில் பள்ளர் தெரு, பறையர் தெரு, அருந்ததியர் தெரு மூன்றும் உண்டு. மேல்தெருவார் நம்மை விலக்குவதைப் பேசுகிறோம். நம் மூன்று தெருக்களுக்கிடையே கொள்வினை கொடுப்பினை எத்தனை என்று கணக்கெடுக்க எவரும் முன்வருவதில்லை. நம் சங்கத்தின் மாலை வகுப்பில் மூன்று தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர இசைவதற்கே முதல் இரண்டாண்டுகள் சென்றன என்பதை மூத்த உறுப்பினர் அறிவர்.

யோகன்னானின் கூட்டங்கள் பல இடங்களில் தாக்கப்பட்டன. வாகத்தானத்திலும் முண்டக்கயத்திலும் நேர்ந்த கலகங்கள் பெயர் பெற்றவை. முண்டக்கயம் நம் மலைச்சாலையில் உள்ள ஊரே. பண்ணையாள் கூட்டமாய்க் கூடுவதும், வேலைக்கு வராது நாட்கணக்கில் பாட்டுப் பாடி அமர்ந்திருப்பதும் நிலமுடையோருக்குப் பொறுக்கவில்லை. எனினும் சபை வளர்ந்தது. முதல் உலகப் போர் நடந்த காலத்தில், போரை எதிர்த்து அமைதி வேண்டி அவர் ஊர்வலம் நடத்தினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. கடல் கடந்த நாடுகளின் போருக்கும் அடிமை மக்களின் பசிக்கும் உள்ள தொடர்பை அவர் உணர்ந்திருந்தார்.

1921இலும் 1931இலும் அவர் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமனம் பெற்றார். அடிமை மகன் அரசவையில் நின்று கேட்டவை நிலமும் கல்வியும். தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் சலுகையும் வேண்டும் என வாதாடினார்; தாமே பள்ளிகளும் நிறுவினார்; சபைக்கென நிலம் வாங்கினார். அதே காலத்தில் வெங்ஙானூர் அய்யங்காளி புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போராடி வந்தார். பாம்பாடி ஜான் ஜோசப் என்பார் 1921இல் சேரமர் மகாஜன சபையைத் தோற்றுவித்து, கிறித்தவராகவே இருந்துகொண்டு, சபைக்குள் சாதி காட்டுவோரை எதிர்த்தார். மூவரும் வெவ்வேறு வழியினர். சிலுவையை விட்டு வெளியேறியவர் ஒருவர். அதனடியில் நின்றே வழக்காடியவர் ஒருவர். அப்பேச்சிற்கே போகாதவர் ஒருவர்.

யோகன்னான் மறைந்து நாற்பதாண்டுகளுக்குப் பின், அவர் வினவியதைத் திருச்சபைக்கு உள்ளிருந்தே சிலர் வேறு விதமாய் வினவினர். 1980களின் தொடக்கத்தில் பெங்களூர் இறையியல் கல்லூரியிலிருந்து அரவிந்த் நிர்மல் என்னும் பேராசிரியர் தலித் இறையியலைத் தொடங்கி வைத்தார். சிலுவையில் தொங்கியவர் கைவிடப்பட்டுக் கதறினார், நொறுக்கப்பட்டார், ஆதலின் அவரே தலித் என்பது அவர் கருத்து. நம் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்னும் பெயரில் நாட்டார் மெட்டில் பாடல்கள் இயற்றி, இத்தகைய கருத்துகளைச் சேரிகளுக்குக் கொண்டு வந்தார். இவர்கள் கூறும் சிலுவை விலை பேசும் சிலுவையன்று. உடன் நின்று நொறுங்கும் சிலுவை. யோகன்னான் இதனைக் கேட்டிருந்தால் தங்கியிருப்பாரோ? என்னால் சொல்ல இயலவில்லை. உடன் நொறுங்குவது சரி, வேலியை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

இவ்வினாவிற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்னும் நிலையை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. 1956இல் அது சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் விரிவாயிற்று. கிறித்தவரான நம் உறவினருக்கு இன்றளவும் அது இல்லை. சபைக்குள் கல்லறை வேலியால் சாதி நினைவூட்டப்பட்டவருக்கு, அரசு அலுவலகத்தில் சாதி இல்லை என்று சான்று தரப்படுகிறது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரும் தலைமை ஆசிரியன் என்ற முறையில், ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் இருவருக்கு இரு வேறு படிவங்களை நான் நிரப்பியிருக்கிறேன்.

பொய்கையில் யோகன்னான் 1939ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. அவர் மறைவுக்குப் பின் சபையில் பிளவு ஏற்பட்டது. மறைந்த ஒருவர் தம் மக்களோடு எவ்வாறு தொடர்ந்து இருக்கிறார், அவர் விட்ட பணியை நடத்த உரியவர் யார் என்னும் கேள்வி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் எழுந்தது போலவே இரவிபேரூரிலும் எழுந்தது. அவருடைய துணைவியார் சனம்மா சபையை நெடுங்காலம் வழி நடத்தினார். வாய்மொழியாய் வழங்கிய பாடல்கள் பின்னர் அச்சேறின. எழுத்தில் தம் குலத்தின் கதை இல்லை என்று வருந்தியவரின் பாடல்கள் இன்று கேரளத்தில் ஆய்வு நூல்களுக்குப் பொருளாகியுள்ளன.

ஆண்டுதோறும் பிப்ரவரி 17ஆம் நாளை ஒட்டி இரவிபேரூரில் அவர் பிறந்தநாள் விழா நடைபெறுகிறது. ஒருமுறை அந்த மாணவனின் தந்தையோடு நானும் சென்றிருந்தேன். குமுளியில் பேருந்து ஏறினோம். பீர்மேட்டிலும் முண்டக்கயத்திலும் வெள்ளாடை உடுத்திய குடும்பங்கள் ஏறிக்கொண்டன. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு என் இடத்தைக் கொடுத்தேன். எந்த ஊர் என்று அவள் கேட்டாள். கம்பம் பக்கம் என்றேன். தன் பாட்டியும் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவள்தான் என்று கூறிவிட்டு, குழந்தையை மடியில் இருத்திப் பாடத் தொடங்கினாள். திருவல்லா வரும் வரை பேருந்தில் பாட்டு ஓயவில்லை.